டாப் எண்டா, பேஸ் மாடலா? ட்ரெய்லர் ஓட்டிய அப்பாவோடு கார் பார்க்கப் போனோம்!

கார் வாங்கலாம் என்று முடிவெடுப்பது சுலபம். எந்த கார் என்பதைக்கூட ஒரு வாரத்தில் பேசி முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இழுத்தது அதற்கு அடுத்த கேள்விதான். எந்த வேரியன்ட்?

ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே நீள அகலம். ஆனால் மாருதியில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, அதற்கும் மேலே ஒரு 'ப்ளஸ்'. ஹூண்டாயில் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா. டாடா பஞ்ச்சில் ப்யூர், அட்வெஞ்சர், அக்கம்ப்ளிஷ்டு. "அக்கம்ப்ளிஷ்டுன்னா இன்னா பாப்பா?" என்று அம்மா கேட்டார். "சாதிச்சவங்கன்னு அர்த்தம்மா" என்றேன். "இன்னும் இஎம்ஐயே கட்ட ஆரம்பிக்கல, அதுக்குள்ள சாதிச்சிட்டமா?" என்றார் அப்பா.

நாங்கள் இருப்பது திருவொற்றியூர் தேரடிப் பக்கம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால் என் ஆபீஸுக்கு கார் தேவையே இல்லை. தேவை அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான். அக்கா வீடு எண்ணூர் கத்திவாக்கத்தில். அக்கா வேலைக்குப் போவதால் மூன்று வயதுப் பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா வாரத்தில் நான்கு நாள் அங்கே போகிறார். விம்கோ நகருக்கு அப்பால் மெட்ரோ கிடையாது. மிச்ச தூரம் ஷேர் ஆட்டோ, கண்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு நடுவில். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அவரே அந்த ட்ரெய்லர்களை 31 வருஷம் ஓட்டியவர். துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம் யார்டுகளுக்கு. "மேல உக்காந்திருக்கவனுக்கு கீழ ஆட்டோ இருக்கறதே தெரியாதும்மா. இடது பக்கம் ஒட்டி வந்தா சுத்தமா தெரியாது" என்பார்.

2025 செப்டம்பர் 22-ம் தேதி சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. செஸ்ஸும் போனது. அதைக் கேட்டுத்தான் நாங்களும் கிளம்பினோம். எங்களைப் போலவே ஊரே கிளம்பியிருந்தது. நாங்கள் போன ஷோரூமில் உட்கார நாற்காலி இல்லை.

விற்பனைப் பிரதிநிதி, மாமாவைப் பார்த்தே பேசினார். மாமா என்றால் அக்காவின் கணவர். கடன் என் பெயரில் என்று சொன்ன பிறகும் அவர் பார்வை மாமா பக்கம்தான் இருந்தது. அது கிடக்கட்டும். அவர் விரித்து வைத்த தாளில் முதல் வேரியன்டுக்கும் கடைசி வேரியன்டுக்கும் ஏறக்குறைய 3 லட்சம் வித்தியாசம். நடுவில் இருப்பவை ஒவ்வொன்றும் முந்தையதைவிட 60, 70 ஆயிரம் கூடுதல். இது தற்செயலாக அமைந்த கணக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது. முதல் வேரியன்டைப் பார்க்கும்போது "இன்னும் 60 ஆயிரம்தானே" என்று இரண்டாவதுக்கு மனசு போகும். அங்கே நின்றதும் மூன்றாவது கூப்பிடும். மாமா பத்தே நிமிடத்தில் டாப் எண்டுக்குப் போய்விட்டார். "வாங்கறது ஒருதடவ. சன்ரூஃப் இல்லாம எடுத்தா நாளைக்கு விக்கும்போது கேக்க நாதியிருக்காது" என்றார். அப்பா அதற்கு நேர் எதிர். "நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங். பேஸ் மாடல் போதும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 1 லட்ச ரூபாயை 9 சதவிகித வட்டியில் ஐந்து வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 2,076 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது சுமார் 1 லட்சத்து 24,500. அதாவது, ஒரு லட்சத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு வேரியன்டும் மாதம் இரண்டாயிரம் ரூபாய் தின்னும். போதாததற்கு, சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார்களின் ஆயுள் வரி, விலையைப் பொறுத்து நான்கு அடுக்காக இருக்கிறது. 5 லட்சம் வரை 12 சதவிகிதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வேரியன்ட் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அந்த 10 லட்சக் கோடு. 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம். 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் காருக்கு சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். இருபதாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் வரி ஏறும். எங்கள் பட்ஜெட் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் என்றாலும், பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் அதே கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரும் அவர்களுக்கு அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. தாளில் ஷோரூம் விலைதான் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் ஒவ்வொரு வேரியன்டுக்கும் ஆன்ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது முறை போனபோது அப்பா ஒரு வழி சொன்னார். தாளில் இருந்த ஒவ்வொரு வசதிக்கும் நேராக ஒரே கேள்வி. "அப்புறம் வெளிய மாட்டிக்க முடியுமா?"

இதைவிட நல்ல அளவுகோலை எந்த கார் வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. டச் ஸ்கிரீன், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், அலாய் வீல், வீல் கப் எல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒயரை வெட்டி ஒட்டாமல், காருக்கென்றே வரும் கப்ளரில் மாட்டுகிற கடையாகப் பார்க்க வேண்டும். வெட்டினால் எலெக்ட்ரிக்கல் வாரன்ட்டிக்கு வம்பு. ஆனால் பக்கவாட்டு ஏர்பேக்கைப் பிறகு மாட்ட முடியாது. திடீரென ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி, மேட்டில் பின்னால் உருளாமல் நிறுத்தும் ஹில் ஹோல்டு, பின்சீட்டுக்கான ஏசி வென்ட், பின்கண்ணாடி வைப்பர், டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி, கிளட்ச் இல்லாத கியர், இவையெல்லாம் தொழிற்சாலையிலேயே வந்தால்தான் உண்டு. தாளின் ஓரத்தில் 'மாட்டலாம்', 'மாட்ட முடியாது' என்று எழுதிக்கொண்டே வந்தேன். டாப் எண்டுக்காக மட்டும் கூடுதலாகக் கேட்ட பணத்தில் பெரும்பகுதி 'மாட்டலாம்' பக்கத்தில் போய் விழுந்தது. சன்ரூஃப் மட்டும் 'மாட்ட முடியாது' பக்கத்தில் நின்றது. "வெயில் மண்டையப் பொளக்கற ஊர்ல கூரையில எதுக்கு ஓட்டை?" என்று அப்பா அதை அடித்துவிட்டார்.

வேரியன்ட் என்பது வெறும் அலங்கார விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2014-ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஜனவரி இறுதியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. சோதித்தவை ஏர்பேக் இல்லாத ஆரம்ப வேரியன்ட்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்குமே ஜீரோ ஸ்டார். பிறகு போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்த வேரியன்டைச் சோதித்தார்கள். நான்கு ஸ்டார்! அதே கார், அதே பெயர். ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதையே ஃபோக்ஸ்வேகன் நிறுத்திக்கொண்டது. ஆனால் எல்லாவற்றையும் ஏர்பேக் காப்பாற்றிவிடாது. ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் கூடே பலவீனமாக இருந்ததால் ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது என்றது அதே அறிக்கை. ஃபிகோ, போலோ இரண்டின் கூடு தாங்கியது.

இதில் நம்மூருக்கு ஒரு தொடர்பு உண்டு. ஐ10 நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. ஐரோப்பாவில் விற்ற ஐ10, 2008-ல் யூரோ என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு ஸ்டார் வாங்கியது. அப்பா கண்டெய்னரோடு துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் புது கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய ட்ரெய்லர்கள் பக்கத்தில் நிற்குமாம். வெளிநாடு போகிற கார், உள்ளூரில் ஓடுகிற கார் இரண்டும் ஒன்றுதான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் இதைப் படித்துச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றோடு 'பேஸ் மாடல் போதும்' என்ற பேச்சு வீட்டில் நின்றுபோனது.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. 2019 ஏப்ரலிலிருந்து எல்லா கார்களிலும் ஏபிஎஸ் பிரேக், அந்த ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக்கும் ரிவர்ஸ் சென்சாரும் சீட் பெல்ட் எச்சரிக்கையும் கட்டாயம். 2021 முடிந்ததும் முன்சீட் இரண்டுக்குமே ஏர்பேக் கட்டாயமானது. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க 2022 ஜனவரியில் ஒரு வரைவு வந்தது, அது சட்டமாகவில்லை. ஆனாலும் 2023 அக்டோபரில் ஹூண்டாய் எல்லா மாடல்களிலும் எல்லா வேரியன்ட்களிலும் ஆறு என்று அறிவித்தது. மாருதியும் ஆல்டோ கே10, வேகன்ஆர் வரைக்கும் ஆறைக் கொண்டுவந்துவிட்டது. எல்லா கம்பெனியும் இப்படி இல்லை. ஆகவே விளம்பரத்தில் ஐந்து ஸ்டார் என்று பார்த்தால் அது எந்தெந்த வேரியன்டுக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். 2023 அக்டோபரிலிருந்து நடக்கும் பாரத் என்கேப் சோதனையின் முடிவுகள் அதன் இணையதளத்தில் மாடல் வாரியாக இருக்கின்றன.

மாமாவுக்கு அலாய் வீல் மேல் தனிக் காதல். அப்பா அவரை வெளியே கூட்டிப்போய் இரண்டு கார்களின் டயரையும் காட்டினார். டாப் எண்டில் சக்கரம் பெரிது, ரப்பர் பட்டை ஒல்லி. கீழ் வேரியன்டில் இரும்பு ரிம், ரப்பர் தடிமன். "எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல மழைக்கு அப்புறம் ட்ரெய்லர் விட்டுட்டுப்போன பள்ளத்துல இறக்கு, தெரியும். இரும்பு வளைஞ்சா சுத்தியால தட்டி நிமித்திக்கலாம். அலாய் விரிஞ்சா புதுசுதான்." மாமா வாதாடிப் பார்த்தார். அவர் காரப்பாக்கத்தில் ஐடி கம்பெனியில் இருக்கிறார், அந்த ரோடு வேறு. ஒரு ஊருக்கு டாப் எண்டாக இருப்பது இன்னொரு ஊருக்கு அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பின்கண்ணாடி வைப்பரும் அப்படித்தான். தெற்குச் சென்னையில் இருப்பவர்கள் அதைப் பெரிதாக மதிக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், லாரிப் புழுதி, கடல் உப்பு மூன்றும் சேர்ந்து வண்டி நிறுத்திய ராத்திரியே கண்ணாடியில் பூசிவிடும். பின்பக்கம் மட்டமாக முடியும் சின்ன கார்களில் ஓடும்போதும் புழுதி சுழன்று பின்கண்ணாடியில் ஒட்டும். பின்னால் வரும் ட்ரெய்லர் தெரியாவிட்டால் எவ்வளவு பெரிய ஸ்கிரீன் முன்னால் இருந்து என்ன? தண்டையார்பேட்டையில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் மாமா சொன்ன மறுவிற்பனை விஷயத்தைக் கேட்டேன். "சன்ரூஃபுக்குக் கொஞ்சம் கூட வரும், போட்ட காசு வராது. வடசென்னை வண்டின்னா வாங்கறவன் முதல்ல குனிஞ்சு அடியில துருவைத்தான் பார்ப்பான்" என்றார்.

பின்சீட்டை யாரும் கவனிக்கவில்லை. டெஸ்ட் டிரைவ் என்றால் முன்சீட்தானே? மூன்றாவது முறை அம்மாவைக் கூட்டிப்போய் பின்னால் உட்கார வைத்தோம். பேரனோடு தினமும் உட்காரப்போகிறவர் அவர். முதல் வேரியன்டில் பின்னால் ஏசி வென்ட் இல்லை. பத்து நிமிடத்தில் முந்தானையால் விசிற ஆரம்பித்துவிட்டார். நடுவில் உட்காருபவருக்கு என்ன பெல்ட், தலைக்குத் தாங்கல் ஏறி இறங்குமா, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கே என்றெல்லாம் நான் கேட்கக் கேட்க, விற்பனைப் பிரதிநிதி முதல்முறையாக என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "பின்னாடி எல்லாம் யாரு மேடம் பெல்ட் போடறாங்க?" என்றும் சேர்த்துச் சொன்னார். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்த டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி போனது விலையுயர்ந்த மெர்சிடிஸ் காரில். பின்சீட்டில் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். எந்த வேரியன்டிலும் பெல்ட்டை நாம்தான் மாட்ட வேண்டும்.

ஆக, இரண்டாவது வேரியன்ட் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆறு ஏர்பேக், ஈஎஸ்சி, பின்சீட் வென்ட். தவணையும் நான் தாங்கக்கூடிய 12 ஆயிரத்துக்குள் வந்தது. அப்பா சாதாரண கியர் வண்டியையே கேட்டார். கிளட்ச் இல்லாத ஏஎம்டி வேண்டுமென்றால் அதே வேரியன்டில் சுமார் 50 ஆயிரம் கூடுதல். "31 வருஷம் கிளட்ச் மிதிச்ச காலு, எனக்கு எதுக்கு ஆட்டோமேட்டிக்? ட்ரெய்லரே ஓட்டினவன்."

டெஸ்ட் டிரைவில் நான் பின்சீட்டில் இருந்தேன். டோல்கேட்டிலிருந்து நெரிசல். கிளட்ச்சை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு நகர்கிறோம். எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னே ஒரு ட்ரெய்லர், பின்னே ஒரு ட்ரெய்லர். பாதி மேட்டில் நிறுத்தம். அப்பா வண்டியைத் துளியும் பின்னால் உருள விடவில்லை. ஓட்டுவதில் அவரை மிஞ்ச முடியாது. ஆனால் இறங்கியதும் கார் கதவைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டி மடக்கிக்கொண்டே நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். முட்டிக்கு அவர் தைலம் தேய்ப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் காருக்கும் முடிச்சுப் போட எங்களுக்குத் தோன்றவில்லை, அவரும் போடவிடவில்லை. என் தவணையில் ஆயிரம் ரூபாய் ஏறிவிடும் என்பதுதான் அவர் கணக்கு.

கார் யாருக்காக வாங்குகிறோமோ அவர் ஓட்ட முடியாமல் போனால், இரண்டு வருஷத்தில் அது சந்தில் மூடிவைத்த பொம்மையாகிவிடும். அடுத்த நாள் ஏஎம்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அதிலும் குறை உண்டு. கியர் மாறும்போது தலை லேசாக முன்னே போய் வரும், அவசரமாக ஓவர்டேக் செய்ய நினைத்தால் ஒரு நொடி யோசிக்கும். அப்பா இரண்டையும் உடனே கண்டுபிடித்துச் சொன்னார். இடது காலுக்கு வேலையில்லாமல் போனதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "ஹில் ஹோல்டு நல்லா பிடிக்குது" என்றார். அது சம்மதம் என்று அம்மா மொழிபெயர்த்தார்.

50 ஆயிரம் எங்கிருந்து வரும்? மாமாதான் வழி சொன்னார், சன்ரூஃப் ஏமாற்றத்தையும் மீறி. ஷோரூமில் 'ஆக்சஸரீஸ் பேக்' என்று தலையில் கட்டப் பார்த்ததில் மிதியடி, மட்கார்டு ஃப்ளாப் தவிர எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டோம். அதைச் சொன்னதும் ஷோரூம் விலையும் இறங்கியது. மிச்சத்தை அப்பாவின் சேமிப்பிலிருந்து முன்பணத்தில் சேர்த்தோம்.

இன்ஷூரன்ஸில் ஒன்றை மட்டும் நான் விடவில்லை. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்கிற கூடுதல் கவர். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கெட்டால் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்த கவருக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயை எந்த வேரியன்ட் தாளிலும் போட மாட்டார்கள்.

டாப் எண்ட் என்றால் இந்த வாரமே டெலிவரி, எங்கள் ஏஎம்டிக்கு ஏழு வாரம் என்றார்கள். ஸ்டாக்கில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பது அவர்கள் வேலை. நாங்கள் காத்திருந்தோம். வண்டி வந்த அன்று வடிவுடையம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தில் ஏற்றி இறக்கினோம். அங்கிருந்து நேராகக் கத்திவாக்கம். குழந்தை சீட்டை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தோம். அதில் உட்கார மாட்டேன் என்று பேரன் முதல் ஒரு வாரம் அழுது தீர்த்தான். இப்போது அவன்தான் அம்மாவைப் பார்த்து, "ஆயா, பெல்ட்டு" என்கிறான்.